விமானிகளின் ஊதிய இழப்புக்கு விமானத்தைத் தயாரித்தவர் பொறுப்பா?
வாசகர் கேள்வி - பதில்

இரண்டு பெரும் விபத்துகளை அடுத்துப் போயிங் 737 மேக்ஸ் ரக விமானங்கள் பறக்கத் தடை விதிக்கப்பட்டதால் தங்களுக்கு ஏற்பட்ட ஊதிய இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று, அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கம் போயிங் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கைப் பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, விமானிகள் வேலை பார்ப்பது விமான நிறுவனத்தில், சம்பளம் தருவதும் அந்த நிறுவனம்தான். அப்படியிருக்க, சம்பளம் குறைந்துபோனதற்கு விமானத்தைத் தயாரித்த நிறுவனத்தின் மீது எந்த அடிப்படையில் வழக்குத் தொடர முடிகிறது? (வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் கேள்விதான் இந்த வழக்கின் மையம். சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் ஏறத்தாழ 10,000 விமானிகளுக்காகப் பேசும் இச்சங்கம், 2019 அக்டோபர் 7 அன்று டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகர நீதிமன்றத்தில் இவ்வழக்கைத் தாக்கல் செய்தது. 30,000-க்கும் மேற்பட்ட பறப்புகள் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டன என்றும், அதனால் விமானிகள் இழந்த ஊதியம் 10 கோடி டாலருக்கும் அதிகம் என்றும் மனு கூறியது.

ஆனால், 'விமானம் பறக்கவில்லை, ஆகவே எங்களுக்குப் பணம் கொடுங்கள்' என்று மட்டும் சங்கம் கேட்டிருந்தால் அந்த மனு தொடக்கத்திலேயே தள்ளுபடியாகியிருக்கக்கூடும். சங்கத்தின் வாதம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பிருந்து தொடங்குகிறது. 2016-இல் விமானிகளுக்கும் சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கும் இடையில் புதிய கூட்டு பேர ஒப்பந்தத்துக்கான (எல்லா விமானிகளுக்காகவும் சங்கம் சேர்த்துப் பேசி முடிக்கும் பணி ஒப்பந்தம்) பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதுவரை நடைமுறையில் இருந்த ஒப்பந்தத்தில் விமானிகள் ஓட்ட வேண்டிய ரகங்களின் வரிசையில் மேக்ஸ் இல்லை; ஆகவே அதை ஓட்டும் கடமை தங்களுக்கு இல்லை என்று சங்கம் அப்போதே தகராறு செய்து, தன் சொந்த நிறுவனத்தின் மீதே வழக்கும் போட்டிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் மேக்ஸை ஓட்ட விமானிகள் சம்மதித்தார்கள். மேக்ஸ் பாதுகாப்பானது, ஏற்கெனவே ஓட்டிவரும் 737-க்கும் அதற்கும் ஓட்டும் முறையில் பெரிய வேறுபாடு கிடையாது என்று போயிங் சொன்னதை நம்பித்தான் அந்தச் சம்மதத்தைத் தந்தோம், உண்மை தெரிந்திருந்தால் தந்திருக்க மாட்டோம் என்பது சங்கத்தின் வாதம். ஆகவே இது அடிப்படையில் பொய்யுரைத்து இணங்கவைத்ததற்கான வழக்கு. அத்துடன், கவனக்குறைவாகத் தவறான தகவல் தந்தது, தங்களுக்கும் சவுத்வெஸ்டுக்கும் இடையிலான ஒப்பந்த உறவில் தலையிட்டுக் கெடுத்தது ஆகிய குற்றச்சாட்டுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. வழக்கில் சாரமில்லை என்பது போயிங்கின் நிலை.

கேள்வி: விமானம் நின்றாலும் மாதச் சம்பளம் வந்துகொண்டுதானே இருக்கும்? இழப்பு என்று எதைச் சொல்கிறார்கள்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அமெரிக்க விமானிகளுக்கு நம் அலுவலகங்களில் உள்ளதுபோன்ற நிலையான மாதச் சம்பளம் கிடையாது. பறந்த நேரத்துக்கு அல்லது பறந்த பயணத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டே ஊதியம் தரப்படுகிறது. மாதத்துக்கு இவ்வளவுக்குக் குறையாது என்ற உறுதி இருந்தாலும், அது அடிமட்ட அளவு மட்டுமே. ஒவ்வொரு மாதமும் பணிப்பட்டியல் வெளியாகும்போது சீனியாரிட்டி வரிசையில் விமானிகள் தமக்கு வேண்டிய பயணங்களைக் கேட்டுப் பெறுவார்கள். அதன் பிறகு எஞ்சிய பயணங்களையும், கடைசி நேரத்தில் ஆள் தேவைப்படும் பயணங்களையும் கூடுதல் விகித ஊதியத்துக்கு எடுத்து ஓட்டுவார்கள். வருமானத்தில் கணிசமான பங்கு இப்படி வருவதுதான். பறப்புகள் குறையும்போது முதலில் காணாமல் போவது இந்தக் கூடுதல் பயணங்கள். வரிசையின் அடியில் இருக்கும் இளைய விமானிக்கோ அடிமட்ட உறுதியைத் தாண்டி எதுவும் மிஞ்சாது.

சவுத்வெஸ்டின் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்நிறுவனம் 737 ஒன்றை மட்டுமே வைத்துத் தொழில் நடத்துவது. பல ரகங்களை வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒரு ரகம் நின்றுபோனால் அட்டவணையின் ஒரு பகுதியையாவது வேறு ரகத்தைக் கொண்டு நிரப்பலாம். இங்கே அதற்கு வழியே இல்லை. தடை வந்தபோது அதனிடம் 34 மேக்ஸ் விமானங்கள் இருந்தன. அடுத்தடுத்து வரவிருந்தவையும் வராமல் நின்றன. 2019 மார்ச் 13-இல் அமெரிக்காவில் விதிக்கப்பட்ட தடை 2020 நவம்பர் 18-இல் நீங்கியது. சவுத்வெஸ்ட் மீண்டும் மேக்ஸைப் பயணிகளுடன் பறக்கவிட்டது 2021 மார்ச்சில். இரண்டு ஆண்டுகள்.

கேள்வி: நான் பொறியியல் மாணவி. 'எம்காஸ்' என்ற மென்பொருளைப் பற்றி விமானிகளிடமே சொல்லவில்லை என்கிறார்களே, அது எப்படி நடந்தது? எதற்காக மறைக்க வேண்டும்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: மேக்ஸில் பொருத்தப்பட்ட புதிய இன்ஜின்கள் பழையவற்றைவிடப் பெரியவை, தரைக்கும் இறக்கைக்கும் இடையில் போதிய இடமில்லாததால் அவற்றை முன்னே தள்ளி, சற்று உயர்த்திப் பொருத்த வேண்டியிருந்தது. விமானத்தின் மூக்கு மிக உயர்ந்திருக்கும் சில நிலைகளில், இந்த மாற்றத்தால் அது மேலும் மேலே எழும் போக்கைக் காட்டியது. அதைச் சரிக்கட்ட, வாலிலுள்ள கிடைமட்டப் பரப்பைத் தானாகவே திருப்பி மூக்கைக் கீழே இறக்கும் ஒரு மென்பொருளைப் போயிங் சேர்த்தது. அதுதான் எம்காஸ். விமானத்தின் மூக்குப் பகுதியில் இருபுறமும் ஒவ்வொன்றாக, எதிர்க்காற்றுக்கும் விமானத்துக்கும் இடையிலான கோணத்தை அளக்கும் இரண்டு சென்சார்கள் உண்டு. ஆனால் எம்காஸ் ஒரு பயணத்தில் அவற்றுள் ஒன்றின் சொல்லை மட்டுமே கேட்டது. முதலில் 0.6 டிகிரி மட்டுமே வால்பரப்பை நகர்த்தும் என்று வடிவமைக்கப்பட்ட அந்த மென்பொருளின் பலம், பின்னர் ஒரு முறைக்கு 2.5 டிகிரி வரை என்று கூட்டப்பட்டது. விமானி பொத்தானை அழுத்தித் திருத்தினால் நிற்கும். விட்ட ஐந்து விநாடியில், சென்சார் இன்னும் தவறாகவே காட்டுமானால், மறுபடி தொடங்கும்.

இது காக்பிட்டுக்குள் எப்படித் தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு விமானியின் முழங்காலுக்கு அருகிலும், ஓரத்தில் வெள்ளைக்கோடு இட்ட ஒரு கறுப்புச் சக்கரம் இருக்கும். வால்பரப்பு நகரும்போதெல்லாம் அது கடகடவென்று சுழலும். சாதாரண நேரத்திலும் சுழல்வதுதான் என்பதால் அதைக் கண்டு யாரும் பதறுவதில்லை. 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானத்தில், முந்தைய தினங்களில் மாற்றிப் பொருத்தப்பட்ட இடப்புறச் சென்சார் சுமார் 21 டிகிரி பிழையாகக் காட்டியது. தாறுமாறான வேக அளவு, உயர அளவு எச்சரிக்கைகளும் கட்டுப்பாட்டுக் கம்பின் அதிர்வும் ஒரே நேரத்தில் எழ, கேப்டன் இருபது முறைக்கும் மேலாக மூக்கை உயர்த்திப் போராடினார். அவர் டெல்லியைச் சேர்ந்த இந்தியர். துணை விமானியோ அவசரக் கையேட்டைப் புரட்டித் தீர்வைத் தேடிக்கொண்டிருந்தார். தங்கள் கையைமீறி மூக்கை இறக்கும் ஒரு மென்பொருள் அந்த விமானத்தில் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய விளக்கம் இல்லை. 189 பேரும் மாண்டார்கள். உலகெங்கும் மேக்ஸை ஓட்டிக்கொண்டிருந்த விமானிகள் எம்காஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டதே அதற்குப் பிறகு, 2018 நவம்பரில்தான். 2019 மார்ச் 10 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குப் புறப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானமும் இதே கோளாறால் விழுந்து 157 பேர் இறந்தார்கள்.

எதற்காக மறைக்க வேண்டும் என்பதற்குப் பதில் பயிற்சிச் செலவில் இருக்கிறது. பழைய 737-ஐ ஓட்டுபவர் மேக்ஸுக்கு மாற, விமானம் ஓட்டுவதுபோலவே பயிற்சி தரும் சிமுலேட்டர் இயந்திரத்தில் உட்காராமல் கணினித் திரையில் சில மணி நேரப் பாடம் படித்தாலே போதும் என்பது போயிங்கின் பெரிய விற்பனை உத்தி. 2011 டிசம்பரில் 150 மேக்ஸ் விமானங்களுக்கு உறுதியான ஆணை தந்த சவுத்வெஸ்டுக்கு, சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானால் ஒவ்வொரு விமானத்துக்கும் 10 லட்சம் டாலர் விலை குறைப்பதாகப் போயிங் வாக்களித்திருந்ததை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் 2020 செப்டம்பர் அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. எம்காஸின் முழு பலம் விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அதிகாரிகளுக்குத் தெரிந்தால் அந்தப் பயிற்சி கேட்கப்படலாம். கேட்கப்பட்டால் பணம் போகும். விமானிகளுக்குச் சொல்லப்படாமல் விடப்பட்டது இந்தக் கணக்கினால்தான் என்பதே ஆவணங்களைப் படிக்கையில் எனக்குத் தோன்றும் முடிவு. பொறியியல் படிக்கும் நீங்கள் ஒரே சென்சாரை நம்பிய வடிவமைப்புப் பிழையைத்தான் முதலில் பார்ப்பீர்கள், அது பெரும்பிழைதான். ஆனால் அந்தப் பிழையைச் சமாளிக்கும் கடைசி வாய்ப்பு விமானியின் கையில் இருந்தது, அவருக்குத் தெரிந்திருந்தால்.

கேள்வி: வழக்கறிஞர் என்ற முறையில் கேட்கிறேன். உடல் காயமோ உடைமைச் சேதமோ இல்லாத வெறும் பொருளிழப்பை மூன்றாம் தரப்பினர் கோர முடியாது என்பது பழைய விதி ஆயிற்றே? (வாசகர், சென்னை)

பதில்: விதி அதுதான். 1927-இல் ராபின்ஸ் டிரை டாக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதையே: பழுதுபார்க்க வந்த கப்பலின் சுழல்விசிறியைப் பட்டறைக்காரர் சேதப்படுத்தியதால், கப்பலை வாடகைக்கு எடுத்திருந்தவர்களுக்கு இரண்டு வாரப் பயன்பாடு போயிற்று, அவர்களுக்கு இழப்பீடு இல்லை என்று தீர்ப்பாயிற்று. இங்கிலாந்தில் 1972-இல் முடிந்த ஸ்பார்டன் ஸ்டீல் வழக்கில், சாலை தோண்டியவர்கள் மின்கம்பியை அறுத்துவிட, உருக்காலையின் உலையில் அப்போது உருகிக்கொண்டிருந்த உலோகம் கெட்டதற்கு இழப்பீடு கிடைத்தது. மின்சாரம் இல்லாத நேரத்தில் உருக்கியிருக்கக்கூடிய அடுத்த நான்கு தொகுதிகளின் லாபத்துக்குக் கிடைக்கவில்லை. எல்லையே இல்லாமல் பொறுப்பு விரிந்துபோகும் என்ற அச்சம்தான் இவ்விதியின் அடிப்படை. மேக்ஸ் நின்றதால் விமான நிலையத்து உணவகக்காரருக்கும் டாக்சி ஓட்டுநருக்கும்கூட வருமானம் குறைந்திருக்கும் அல்லவா?

ஆனால் அந்த விதி கவனக்குறைவுக்கு எதிராக எழுந்தது. வேண்டுமென்றே ஒருவரை நம்பவைத்து ஏமாற்றியதற்குக் கேடயமாக அதைப் பிடிக்க முடியாது. டாக்சி ஓட்டுநரிடம் போயிங் எதையும் சொல்லவில்லை, அவரிடமிருந்து எந்தச் சம்மதத்தையும் எதிர்பார்க்கவும் இல்லை. விமானிகளின் சம்மதம் இல்லாமல் மேக்ஸ் சவுத்வெஸ்டில் பறந்திருக்காது. அந்தச் சம்மதத்தைப் பெறும்பொருட்டுத் தங்களுக்குத் தவறான உறுதி தரப்பட்டது, அதை நம்பினோம், நம்பியதால் நட்டமடைந்தோம் என்று மூன்றையும் சங்கம் நிரூபித்தாக வேண்டும். இவற்றுள் முதலாவதும் இரண்டாவதும்தான் கடினமானவை என்று நினைக்கிறேன். போயிங் சவுத்வெஸ்டிடம் சொன்னதற்கும் சங்கத்திடமே சொன்னதற்கும் உள்ள வேறுபாட்டை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் விடாமல் பிடித்துக்கொள்வார்கள்.

போயிங்குக்கு எதிரான ஒரு வலுவான ஆவணம், அதுவே ஒப்புக்கொண்டது. 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையுடன் செய்துகொண்ட உடன்பாட்டில், தன் தொழில்நுட்ப விமானிகள் இருவர் எம்காஸ் பற்றி ஒழுங்குமுறை அமைப்பை ஏமாற்றியதை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவர்களுள் ஒருவர் மீது தொடரப்பட்ட குற்ற வழக்கில் 2022 மார்ச்சில் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் உரிமையியல் வழக்கில் தேவைப்படும் நிரூபண அளவு குற்ற வழக்கில் தேவைப்படுவதைவிடக் குறைவு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

கேள்வி: 2019-இல் தொடங்கிய வழக்கு இன்னும் ஏன் முடியவில்லை? (வாசகர், மதுரை)

பதில்: ஏமாற்றினார்களா இல்லையா என்ற கேள்விக்கே நீதிமன்றம் வரவில்லை, சங்கம் வழக்குப் போடலாமா என்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன. போயிங் வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இழுத்துப் பார்த்தது. அங்கிருந்து அது மாநில நீதிமன்றத்துக்கே திரும்ப அனுப்பப்பட்டது. பிறகு, 1926-இல் இயற்றப்பட்டு 1936-இல் விமானத் துறைக்கும் விரிக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டத்தைப் போயிங் காட்டியது. கூட்டு பேர ஒப்பந்தத்துக்குப் பொருள் காணும் தகராறுகளை அச்சட்டம் நீதிமன்றத்திலிருந்து விலக்கித் தனி நடுவர் குழுக்களிடம் ஒப்படைக்கிறது. அந்தச் சட்டம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பூசலுக்கானது. ஒப்பந்தத்தில் கையெழுத்தே இடாத மூன்றாவது நிறுவனம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முயன்றது எனக்கு நியாயமாகப் படவில்லை. விசாரணை நீதிமன்றம் போயிங்கின் பக்கம் நின்று மனுவைத் தள்ளியது. 2022-இல் டாலஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டம் தடையல்ல என்றது. ஆனால் ஒவ்வொரு விமானியின் நட்டமும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டியது என்பதால், உறுப்பினர்களுக்காகச் சங்கம் பொதுவாக வந்து பணம் கோர முடியாது, தனக்கு நேர்ந்த இழப்புக்கு மட்டும் வழக்காடலாம் என்று பிரித்துக் காட்டியது. இதற்கிடையே ஆயிரக்கணக்கான விமானிகள் தங்கள் வழக்குரிமையைச் சங்கத்துக்கு எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். 2025 ஜூன் 20 அன்று டெக்சஸ் உச்ச நீதிமன்றமும் ரயில்வே தொழிலாளர் சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்று தீர்ப்பளித்து, வழக்கு தொடர வழிவிட்டது.

கேள்வி: 346 உயிர்கள் போயிருக்கும்போது, உயிரோடு இருப்பவர்கள் சம்பளப் பாக்கி கேட்பது மனசாட்சிக்கு உகந்ததா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் இவ்விரண்டு கோரிக்கைகளும் ஒரே பாத்திரத்திலிருந்து பங்கு கேட்பவை அல்ல. விமானிகள் வழக்கை விட்டுவிடுவதால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாகப் போகாது. முன்னர் சொன்ன 2021 உடன்பாட்டின் 250 கோடி டாலரைப் பாருங்கள்: குடும்பங்களுக்கான நிதி 50 கோடி, அபராதம் 24 கோடி சொச்சம், மீதி 177 கோடியும் போயிங்கின் வாடிக்கையாளர்களான விமான நிறுவனங்களுக்கு. அந்த விமானத்தை ஓட்டியவர்களுக்கென்று அதில் தனிப் பங்கு கிடையாது. 2019 டிசம்பரில் போயிங்கோடு ஓர் உடன்பாடு கண்ட சவுத்வெஸ்ட், சுமார் 12.5 கோடி டாலரை லாபப் பங்காகத் தன் ஊழியர்கள் அனைவருக்கும் பகிர்வதாக அறிவித்தது. அது நல்ல செயல்; எனினும் அது முதலாளி தந்தது, ஏமாற்றியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் பதில் சொன்னதாகாது.

மேலும், முதல் விபத்துக்கும் இரண்டாவது விபத்துக்கும் இடைப்பட்ட நான்கரை மாதங்களில் சவுத்வெஸ்ட் விமானிகள் அந்த விமானத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜகார்த்தாவில் நடந்தது அவர்களுக்கும் நடந்திருக்கலாம். எம்காஸைப் பற்றித் தங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் உரிமை வேறு யாரையும்விட அவர்களுக்கு உண்டு. அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குள் கொண்டுபோக அவர்களுக்குச் சட்டம் திறந்துவைத்த வாசல் ஊதிய இழப்பு மட்டுமே.

கேள்வி: இந்திய விமானிகள் இப்படி ஒரு வழக்கு நடத்த முடியுமா? (வாசகர், பெங்களூரு)

பதில்: நம் நாட்டிலும் 2019 மார்ச்சில் மேக்ஸ் தடை செய்யப்பட்டு, 2021 ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் சுமார் ஒரு டஜன் விமானங்கள் அவ்வளவு காலமும் நின்றன. அந்நிறுவனம் பின்னர் போயிங்கோடு தனியாகச் சமரசம் செய்துகொண்டது.

விமானிகளே வழக்காட நினைத்தால், பொய்யுரைத்து ஏமாற்றியதற்கு இழப்பீடு கோரும் உரிமை இங்கும் உண்டு. பதிவுபெற்ற தொழிற்சங்கம் தன் பெயரிலேயே வழக்குத் தொடரவும் முடியும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டெக்சஸ் விமானிகள் கையாண்ட வழி, அதாவது தனித்தனி உறுப்பினர்களின் வழக்குரிமையைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது, இங்கே எளிதில் செல்லாது. ஏனெனில், வெறும் வழக்குத் தொடரும் உரிமையை மாற்றிக் கொடுக்க முடியாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 6-ஆம் பிரிவின் 'இ' உட்பிரிவு சொல்கிறது. எஞ்சியிருக்கும் வழி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1, விதி 8-இன்படி, ஒரே நலன் கொண்ட பலருக்காகச் சிலர் நீதிமன்ற அனுமதியோடு வழக்காடுவது. அதிலும் நட்டத்தொகை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதே என்ற ஆட்சேபம் எழும். ஏமாற்றப்பட்டோம் என்ற பொதுப் பிரச்சினைக்கு முதலில் தீர்ப்புக் கேட்டு, தொகையைப் பின்னர் கணக்கிடச் சொல்வதே அதற்கு நான் காணும் பரிகாரம். அப்புறம் நீதிமன்றக் கட்டணம்: தமிழ்நாட்டில் பணம் கோரும் வழக்குகளுக்குக் கோரும் தொகையில் 3 சதவீதம் முன்கூட்டியே கட்ட வேண்டும், 2017-க்கு முன் அது 7.5 சதவீதமாக இருந்தது. நூறு கோடி ரூபாய் கேட்டால், முதல் வாய்தாவுக்கு முன்பே சங்கம் மூன்று கோடி ரூபாயைக் கட்டியிருக்க வேண்டும்.